உயிரும் மெய்யும்: நோய்க்காலத்தில் உள்ளம் நிலைகொள்ளுதல்

நோய் புகுந்த இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு: 'மனம் நிலைகொள்ளவில்லை.' ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருப்பவர் இதைக் கூறுகிறார். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவில் உறக்கமின்றிப் புரள்பவர் கூறுகிறார். தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் அமர்ந்திருக்கும் மனைவியும் மகனும் கூறுகின்றனர். இச்சொல்லைச் சற்றே உற்றுநோக்குவோம். நிலைகொள்ளுதல் என்றால் ஓரிடத்தில் ஊன்றி நிற்றல். ஊன்றி நிற்பதற்கு ஒரு தரை வேண்டும். நோய்க்காலத்தில் உள்ளம் ஊன்றி நிற்கத்தக்க தரை எது? இந்த இதழில் நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுவே.

நோயுற்றோர் பலர் இவ்வினாவுக்குத் தாமே ஒரு விடையைக் கண்டுகொள்கின்றனர். உடல் தம்மைக் கைவிட்டுவிட்டது. ஆகவே உடலை மறந்து, உள்ளத்தை மட்டும் எங்கோ உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவ்விடை. துன்பம் மிகும்போது இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பு. ஆயினும் உடலைவிட்டு ஓடும் உள்ளம் நெடுந்தூரம் ஓட இயலாது. ஊசியின் ஒரு குத்தும் இருமலின் ஓர் அதிர்வும் அதனைத் திரும்ப இழுத்துவந்துவிடும். ஓடுவதும் இழுபடுவதுமாகிய இந்த அலைச்சல், நோய் தரும் சோர்வோடு மற்றொரு சோர்வாகச் சேர்ந்துகொள்கிறது. உள்ளம் ஊன்றத்தக்க தரை உடலுக்கு அப்பால் இல்லை. நோயுற்ற இவ்வுடலிலேயே அது இருக்கிறது. இதனைப் படிப்படியாகக் காண்போம்.

எழுத்து கற்பிக்கும் பாடம்

தமிழில் உயிரெழுத்துகள் 12, மெய்யெழுத்துகள் 18, இவ்விரண்டும் கூடிப் பிறக்கும் உயிர்மெய்யெழுத்துகள் 216. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது, அந்தப் பெயர்களின் பொருளை நாம் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். நம் முன்னோர் எழுத்துகளுக்கு உயிர் என்றும் உடல் என்றும் பெயரிட்டனர். மெய் என்னும் சொல்லுக்கு உடல் என்பது பொருள். உண்மை என்பதும் அதன் பொருளே.

மெய்யெழுத்துத் தனித்து நிற்கையில் தலையில் புள்ளி பெறும். அதன் ஒலி அரை மாத்திரையே. உயிரின் துணையால்தான் மெய் இயங்கும் என்பது தொல்காப்பிய இலக்கணம். உயிரெழுத்தோ தனித்தும் ஒலிக்கும். ஆயினும் 'அம்மா' என்று அழைப்பதற்குக்கூட மெய்யின் துணை வேண்டும். இரண்டும் கூடியபின் பிறக்கும் எழுத்தில், இதுவரை மெய், இதற்கப்பால் உயிர் என்று கோடிட்டுக் காட்ட இயலாது. 'கு' என்று ஒலிக்கும்போது நம் செவி ஒரே ஒலியைத்தான் கேட்கிறது. இலக்கணம் மெய்யியலுக்குச் சான்றாகிவிடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் உயிரையும் உடலையும் பற்றி எண்ணத் தொடங்குவோர்க்கு, உயிர்மெய் என்பதினும் எளிய எடுத்துக்காட்டு வேறில்லை.

திருமந்திரம் அருளிய திருமூலர், உடம்பை இழிவென்று கருதிய காலம் தமக்கும் ஒன்று இருந்ததாகக் கூறுகிறார். பின்னர் அதனுள்ளே உயர்ந்த பொருள் உறைவதைக் கண்டபோது, உடம்பைப் பேணத் தொடங்கினாராம். உடம்பு அழிந்தால் அதனைக் கொண்டு உயிர் அடையவேண்டிய மெய்யறிவும் கைகூடாது என்பது அவர் கருத்து. உலகைத் துறந்த சித்தரே உடலைத் துறக்கச் சொல்லவில்லை. அதனைப் பேணவே சொன்னார். மாத்திரையை வேளை தவறாது உட்கொள்வதும், புண்ணைத் தூய்மையாக வைத்திருப்பதும், பசியில்லாதபோதும் இரண்டு கரண்டிக் கஞ்சி பருகுவதும் இப்பேணுதலின் பகுதிகளே. ஆன்மிகத்துக்குப் புறம்பான வேலைகளாக அவற்றை நாம் எண்ண வேண்டுவதில்லை.

ஓர் இளவரசியின் கேள்வி

உயிரையும் உடலையும் முற்றிலும் வேறான இரு பொருள்கள் என்று வரையறுத்தவர்களுள் புகழ்பெற்றவர் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மெய்யியலார் ரெனே டெக்கார்ட். எண்ணுவது உள்ளத்தின் இயல்பு. இடத்தை அடைத்துக்கொள்வது உடலின் இயல்பு என்றார் அவர். 1643ஆம் ஆண்டு பொகீமிய நாட்டு இளவரசி எலிசபெத், நெதர்லாந்தில் வாழ்ந்த தம் புலம்பெயர் காலத்தில், அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உருவமோ எடையோ இல்லாத உள்ளம், உடலை எப்படி அசைக்கிறது என்பது அக்கடிதத்தின் கேள்வி. டெக்கார்ட் பலவாறு விளக்க முயன்றார். இறுதியில், உயிரும் உடலும் ஒன்றியிருப்பதை நுண்ணிய ஆராய்ச்சியால் அல்லாமல் அன்றாட வாழ்வின் பட்டறிவாலேயே நன்கு உணர முடியும் என்று எழுதினார்.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் எலிசபெத் நோயுற்றார். விட்டகலாத காய்ச்சலும் வறட்டிருமலும் அவரை வாட்டின. இத்தகைய காய்ச்சலுக்குத் துயரமே பெரும்பாலும் காரணமாகிறது என்று டெக்கார்ட் 1645இல் எழுதினார். உள்ளத்தின் துன்பம் தம் உடலில் எளிதில் படிந்துவிடுகிறது என்பதை இளவரசி ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர் அத்துடன் நிற்கவில்லை. சிந்திக்கும் ஆற்றலையே முற்றிலும் பறித்துவிடும் நோய்களும் உள்ளனவே. அந்நிலையில் அறிவின் துணையால் மட்டும் ஒருவர் எவ்வாறு மகிழ்ந்திருக்க இயலும் என்று திருப்பிக் கேட்டார்.

நோயுற்ற ஒருவர், நோயின் நடுவில் நின்று கேட்ட கேள்வி இது. இதனைப் பலமுறை நாம் நினைவுகூர வேண்டும். ஏனெனில், 'மன உறுதி இருந்தால் நோய் அண்டாது', 'இன்னும் நன்றாகப் பிரார்த்தனை செய்திருந்தால் குணமாகியிருக்கும்' என்னும் சொற்கள் நோயாளியின் செவியில் அடிக்கடி விழுகின்றன. சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். கேட்பவருக்கோ நோயின் பாரத்தோடு குற்றவுணர்வின் பாரமும் ஏறிவிடுகிறது. உண்மை வேறு. குருதியில் சோடியம் குறைந்தால், தெளிந்த அறிவுடையவரும் தடுமாறிப் பேசுவார். கடுங்காய்ச்சலும், நோய்த்தொற்றும், சில மருந்துகளும், தொடர்ந்த உறக்கமின்மையும் உள்ளத்தைக் கலக்குவன. முதியவர் திடீரென்று இடம் பொருள் மறந்து பேசத் தொடங்கினால், அது பக்திக் குறைவும் அன்று, மனத்தளர்ச்சியும் அன்று. உடனே மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லவேண்டிய உடற்குறி அது. உள்ளம் உடலைத் தொடுவதைப் போலவே உடலும் உள்ளத்தைத் தொடுகிறது. ஆகவே நோய்க்கு உள்ளத்தின் மேல் பழி சுமத்துதல் முறையன்று.

வலியும் அதன் பொருளும்

உள்ளமும் உடலும் சந்திக்கும் இடங்களுள் நாம் அனைவரும் அறிந்தது வலி. இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் பணியாற்றினார். கடுங்காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் வலி நீக்கும் மருந்து வேண்டுமெனக் கேட்கவில்லை என்பதை அவர் கண்டு, 1946இல் எழுதி வெளியிட்டார். அவ்வீரர்கள் வலியறியும் திறனை இழந்தவர்கள் அல்லர். ஊசியைச் சரியாகக் குத்தாவிட்டால் அவர்களும் முகம் சுளித்தனர். போர்முனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பலாம் என்பதே அவர்களுக்கு அக்காயம் உணர்த்திய பொருள் என்று பீச்சர் கருதினார். காயத்தின் அளவு மட்டுமன்றி, அதன் பொருளும் வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இருவரும் இதற்கு ஓர் உடற்கூற்று விளக்கம் அளித்தனர். தண்டுவடத்தில் வலிச்செய்தி செல்லும் வழியில் ஒரு வாயிற்கதவு போன்ற அமைப்பு செயற்படுகிறது என்றனர். தொடுகை, மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகள் ஆகியவை அக்கதவைச் சற்றே சாத்தக்கூடும். அடிபட்ட இடத்தைக் கை தானாகவே தேய்த்துவிடுவதன் பயனை இதனால் விளங்கிக்கொள்ளலாம். பிற்கால ஆய்வுகள் இக்கொள்கையின் நுட்பங்களைத் திருத்தியுள்ளன. உள்ளத்தின் நிலை வலியின் வழியில் குறுக்கிடுகிறது என்னும் அடிப்படை மட்டும் நிலைத்துள்ளது.

இதிலிருந்து வலி வெறும் கற்பனை என்று முடிவு செய்துவிடலாகாது. இலண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதனை நன்கு உணர்ந்தவர். செவிலியராகவும், மருத்துவச் சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பயிற்சி பெற்ற அவர், நோயாளியின் துன்பத்தை முழுமையான வலி என்று அழைத்தார். உடல், உள்ளம், சமூக உறவு, ஆன்மா ஆகிய நான்கும் அவ்வலியில் அடங்கும். வலி மீண்டும் வரும்வரை காத்திராமல், குறித்த வேளையில் மருந்து கொடுக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அதேவேளை நோயாளியின் அருகமர்ந்து அவர் கூறுவதைக் கேட்கவும் வேண்டும் என்றார். மருந்தும் செவிசாய்த்தலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இரண்டும் வேண்டும்.

மூச்சு என்னும் வாயில்

இதயத்தை நம் விருப்பப்படி நிறுத்தவோ ஓட்டவோ இயலாது. இரைப்பையும் நம் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. கையையும் காலையும் நாம் விரும்பியவாறு அசைக்கிறோம். மூச்சு மட்டும் இவ்விரு வகையிலும் அடங்குகிறது. உறக்கத்தில் அது தானே நடக்கிறது. விழிப்பில் நாம் விரும்பினால் அதனை மெதுவாக்கவும் நீட்டவும் முடிகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். அச்சம் வந்தால் மூச்சு விரைவுபடுகிறது. உறுதி பிறந்தால் அடங்குகிறது.

மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்பட்டு இதயம், நுரையீரல், குடல் வரை செல்லும் வேகஸ் என்னும் நரம்பு ஒன்று உண்டு. உடலை அமைதிநிலைக்குத் திருப்புவதில் அதற்குப் பெரும்பங்குண்டு. மூச்சை உள்ளிழுக்கையில் இதயத்துடிப்பு சற்றே விரைவதும், வெளிவிடுகையில் சற்றே தணிவதும் இயல்பு. ஆகையால் வெளிமூச்சை மெல்ல நீட்டும்போது, அந்தத் தணிவுக்கு நாம் சிறிது கூடுதல் நேரம் தருகிறோம்.

பழந்தமிழில் உயிர்ப்பு என்றால் மூச்சு. நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. எபிரேயத்தில் ரூவாக் என்னும் சொல்லும், கிரேக்கத்தில் நியூமா என்னும் சொல்லும் காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றையும் குறிக்கும். வெவ்வேறு மொழி பேசிய மக்கள், ஒரே இடத்தில் கைவைத்துக் காட்டியிருக்கின்றனர். மெய்யின் உள்ளே உயிர் நடமாடுவதை ஒவ்வொரு கணமும் உணரத்தக்க இடம் மூச்சே.

படுக்கையிலிருந்தே செய்யத்தக்க பயிற்சி

இதற்குத் தனி இருக்கையோ, சம்மணமிட்டு அமர்தலோ, தனியறையோ வேண்டியதில்லை. படுத்தவாறோ, சாய்ந்தவாறோ, டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தவாறோ செய்யலாம். 5 நிமிடம் போதும்.

முதலில், உடல் எங்கெல்லாம் எதனைத் தொடுகிறது என்பதைக் கவனிப்போம். குதிகால் மெத்தையில் பதிந்துள்ளது; முதுகு படுக்கையின் மேல் சாய்ந்துள்ளது; தலையின் பாரத்தைத் தலையணை தாங்குகிறது. ஐம்பொறிகளுள் தொடுவுணர்வுக்கு உரியதை நம் முன்னோர் மெய் என்றே அழைத்தனர். நம்மைத் தாங்கும் ஒன்றின் மேல் நாம் இருக்கிறோம் என்பதை அந்த மெய் சொல்லட்டும்.

இரண்டாவதாக, ஊசி செருகப்படாத ஒரு கையை வயிற்றின் மேல் வைப்போம். வயிற்றில் அறுவைப் புண் இருப்பின் கையை மார்பின் மேலோ தொடையின் மேலோ வைக்கலாம். மூச்சால் அந்தக் கை ஏறி இறங்குவதை, அல்லது மூக்கின் நுனியில் காற்று வந்துபோவதை, மாற்ற முயலாமல் கவனிப்போம்.

மூன்றாவதாக, இயல்பாக வருமாயின், வெளிவிடும் மூச்சைச் சிறிதே நீட்டுவோம். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டா. எண்ணிக்கையும் வேண்டா.

நான்காவதாக, நம்பிக்கை உடையோர் வெளிமூச்சோடு ஒரு திருப்பெயரைச் சேர்க்கலாம். சைவர் ஐந்தெழுத்தையும், வைணவர் எட்டெழுத்தையும், கிறித்தவர் இயேசுவின் பெயரையும், இசுலாமியர் இறைவனின் திருநாமத்தையும் நினைக்கலாம். சமய நம்பிக்கை இல்லாதோர், 'இங்கு இருக்கிறேன்' என்று தமக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளம் விலகி ஓடும். நாளைய பரிசோதனைக்கும், மருத்துவச் செலவுக்கும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளுக்கும் அது போய்விடும். அதனைக் கடிந்துகொள்ள வேண்டா. இருபது முறை போனால் இருபது முறை அழைத்துவருவோம். இப்படித் திரும்ப அழைத்துவருதலே பயிற்சி. வலியுள்ள இடம் குறுக்கே வந்தால், அங்கேயே உழலவும் வேண்டா. அது இல்லாததுபோல் நடிக்கவும் வேண்டா. 'இங்கே வலி இருக்கிறது; உள்ளங்கையில் வெதுவெதுப்பும் இருக்கிறது' என்று இரண்டையும் ஒருங்கே அறிவோம். நோயுற்ற உடலிலும் நோயுறாத இடங்கள் பல உண்டு என்பதை இவ்வாறு மெல்ல அறிந்துகொள்கிறோம்.

கவனிக்க வேண்டியவை

தியானம் கட்டியைக் கரைக்காது. அடைபட்ட குருதிக்குழாயைத் திறக்காது. இன்சுலினையோ இரத்த அழுத்த மாத்திரையையோ வலிப்பு மருந்தையோ தியானத்தை நம்பி நிறுத்துதல் உயிருக்கே தீங்காகும். புதிதாக நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால், அது பயிற்சிக்குரிய நேரம் அன்று. உடனே செவிலியரை அழைக்க வேண்டிய நேரம்.

நுரையீரல் நோயும் இதயச் செயலிழப்பும் உடையோர்க்கு, மூச்சைக் கவனிப்பதே அச்சத்தைக் கூட்டக்கூடும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, உள்ளங்காலின் தொடுகையையோ, கையில் பிடித்த துணியின் மென்மையையோ, மின்விசிறியின் ஓசையையோ கவனிக்கலாம். கொடிய விபத்தையோ வன்முறையையோ கடந்துவந்தோர் கண்களைத் திறந்தே வைத்திருக்கலாம். தலைசுற்றலோ பதற்றமோ மிகுந்தால் நிறுத்திவிட்டு மருத்துவக் குழுவிடம் சொல்ல வேண்டும். ஒரு நாள் செய்ய இயலவில்லை என்றால் அதுவும் குறையன்று. எலிசபெத் இளவரசி கேட்ட கேள்வியை அன்று நினைவுகூர்வோம்.

உடனிருப்போர்க்கு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். நான்காமவர் வெறும் பார்வையாளர் அல்லர். மருத்துவத்தின் கால்பங்கு அவர். ஆனால் அந்த நான்காமவரின் உணவையும் உறக்கத்தையும் பற்றி எவரும் கேட்பதில்லை. இரவெல்லாம் நாற்காலியில் சாய்ந்திருந்து, காலையில் மருந்துக்கடைக்கு ஓடி, உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு விடைசொல்லி, தம் உடல் ஒன்று இருப்பதையே அவர் மறந்துவிடுகிறார். அவருக்கும் உயிர் தனியே இயங்குவதில்லை. உண்ணாத, உறங்காத உடலில் பொறுமை நெடுநாள் தங்காது. ஒருவேளை உணவை அமர்ந்து உண்பதும், வேறொருவரை அமர்த்திவிட்டு 4 மணி நேரம் உறங்கச் செல்வதும் தன்னலம் அல்ல. நோயாளிக்குரிய மருந்தின் கால்பங்கைக் காத்தலாகும்.

நோயாளியின் கையைப் பற்றியிருக்கும்போது, மேற்சொன்ன பயிற்சியை உடனிருப்பவரும் செய்யலாம். தரையில் தம் பாதம் பதிவதை உணர்ந்து, தம் மூச்சு அடங்கும்வரை பேசாதிருக்கலாம். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்ல இயலாத நாள்களும் வரும். நோய் தீராது என்று மருத்துவர் கூறிவிட்ட நாள் அத்தகையது. அன்று சொல்லும் சொல்லைவிட, பற்றிய கை நடுங்காதிருப்பது பெரிது. உயிர் உயிருக்குச் சொல்லவேண்டியதை அப்போதும் மெய்யின் வழியாகவே சொல்கிறது. வெந்நீர் தொட்டு முகம் துடைத்தல், உலர்ந்த உதட்டை நனைத்தல், போர்வையைக் காலடிவரை இழுத்துவிடுதல் ஆகிய சிறு செயல்களில் அன்பு பொருளாகிறது, பொருள் அன்பாகிறது. உயிரும் மெய்யும் ஒன்றெனக் கலப்பதை இவற்றினும் தெளிவாகக் காட்டும் நூலை நாம் அறியோம்.

சிந்தனைக்கு

இவ்வாரம் தனியாகவோ, உடனிருப்பவரோடு சேர்ந்தோ, பின்வரும் மூன்றையும் எண்ணிப் பார்க்கலாம்.

நோய் வந்தபின் நம் உடலைப் பற்றி நாம் பேசும் சொற்கள் யாவை? அவற்றுள் ஒரு நண்பரிடம் சொல்லத் தயங்கும் கடுஞ்சொற்கள் உளவா?

இன்று நம் உடலில் வலியின்றி இருந்த இடம் எது? அதனை ஒரு நிமிடமேனும் கவனித்தோமா?

நம்மைத் தாங்குவோர் யார்? அவர்களுள் ஒருவரிடம் இன்று, 'நீங்கள் சாப்பிட்டீர்களா?' என்று கேட்டோமா?